பிள்ளைக்கு எந்தச் சாமி? – அன்னி பெசன்ட்டின் இரண்டு வழக்குகள்

பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகாத சென்னைவாசி யாராவது இருக்கீங்களா? மாங்கா, சுண்டல், மிளகாய் பஜ்ஜி எல்லாம் ஞாபகம் வரும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு கேட்டா, பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்துல வந்த ரெண்டு வரி ஞாபகம் வரும். ஹோம் ரூல் இயக்கம் நடத்தினார், 1917-இல் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும்.

புத்தகத்துல சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த அம்மையார் தன் வாழ்க்கையில் இரண்டு முறை, பிள்ளைகளுக்காக நீதிமன்றத்துல நின்றார். முதல் முறை லண்டனில், 1878-இல். பெற்ற மகளுக்கு மதம் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. மகளைப் பறிகொடுத்தார். இரண்டாவது முறை சென்னையில், 1913-இல். இந்த முறை இன்னொருவர் பெற்ற மகனுக்கு அளவுக்கு மீறி மதம் கொடுத்துவிட்டார் என்று பையனின் அப்பாவே வழக்குப் போட்டார். லண்டனில் அம்மா பக்கம் நின்றவர், சென்னையில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

ஒரே ஆள், ஒரே கேள்வி, இரண்டு எதிரெதிர் நாற்காலி. இதைவிட நல்ல பாடம் கிடைக்காதுன்னு தோணிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க :-)

ஏன் இப்போ இது?

காரணம் எங்க அண்ணன் மகள். வயசு ஒண்ணு ஆகப்போகுது. அண்ணி சி.எஸ்.ஐ கிறிஸ்தவக் குடும்பம். எங்க அம்மாவுக்குக் குலதெய்வக் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்தணும். அண்ணியோட அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும். எங்க அப்பா சின்ன வயசுல கறுப்புச் சட்டை போட்டுத் திரிஞ்சவர், "ரெண்டு பக்கமும் பச்சைப்பிள்ளையை விடுங்கய்யா"ங்கிறார். அண்ணன், "பெரியவளாகி அவளே முடிவு பண்ணிக்கட்டும்"னு சொல்லிட்டு நைசா நழுவுறான். வாட்ஸ்அப்ல நாலு பேரும் நாலு திசையில பேசி முடிச்சதும் அண்ணி என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கதான் லண்டன்ல உட்கார்ந்து பெரிய பெரிய புத்தகமா படிக்கிறீங்களே, நீங்க சொல்லுங்க"ன்னாங்க. நான் படிக்கிறது கான்கிரீட் பத்தி. ஆனா கல்லூரி நூலகத்துல கான்கிரீட் தவிர மத்ததெல்லாம் படிக்கிறவன் நான்ங்கிறது அவங்களுக்குத் தெரியும்.

சரி, வரலாற்றுக்குப் போவோம்.

அப்பா வெச்சதுதான் சட்டம்

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிள்ளை யாருடையது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: அப்பாவுடையது. எந்த மதத்தில் வளர வேண்டும் என்பதும் அப்பா வைத்ததுதான். இதுக்கு விதிவிலக்கு ரொம்ப அபூர்வம். அந்த அபூர்வத்தில் ஒன்று கவிஞர் ஷெல்லியின் வழக்கு. அவருடைய முதல் மனைவி ஹாரியட் 1816 டிசம்பரில் லண்டன் ஹைட் பூங்கா ஏரியில் மூழ்கி இறந்துபோனார். இரண்டு குழந்தைகளையும் தன்னிடம் தரும்படி ஷெல்லி கேட்டார். நாத்திகம் எழுதியவர், திருமணத்தையே மதிக்காதவர் என்று ஹாரியட்டின் வீட்டார் எதிர்த்தார்கள். 1817-இல் லார்டு எல்டன் குழந்தைகளைத் தர மறுத்துவிட்டார். ஷெல்லியின் நடத்தையைத்தான் பார்த்தேன், கருத்தை அல்ல என்ற தொனியில் தீர்ப்பு இருந்தது. ஆனால் 'நாத்திகனுக்குப் பிள்ளை கிடையாது' என்றுதான் ஊர் அதைப் புரிந்துகொண்டது. ஷெல்லி 1822-இல் இறக்கும்வரை அந்தக் குழந்தைகளோடு சேர்ந்து வாழவில்லை.

அப்பா நாத்திகனாக இல்லாவிட்டால்? அதற்கு அகர்-எல்லிஸ் வழக்கு. அப்பா புராட்டஸ்டன்ட், அம்மா கத்தோலிக்கர். "பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் கத்தோலிக்கராக வளரட்டும்" என்று கல்யாணத்துக்கு முன்பு வாக்குக் கொடுத்தார் மாப்பிள்ளை. முதல் குழந்தை பிறந்ததுமே வாக்கு காற்றில் போனது. அம்மா ரகசியமாகத் தன் மதத்தைச் சொல்லிக்கொடுத்தார். வளர்ந்த மகள்கள் அப்பாவோடு ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குப் போக மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். 1878-இல் நீதிமன்றம் சொன்னது: கல்யாணத்துக்கு முன் கொடுத்த வாக்கு அப்பாவைக் கட்டுப்படுத்தாது. மதத்தை முடிவுசெய்வது அவர் உரிமை. 1883-இல் அதே குடும்பம் மறுபடியும் நீதிமன்றம் வந்தது. பதினாறு வயது மகள், விடுமுறையை அம்மாவோடு கழிக்க அனுமதி கேட்டாள். அதையும் மறுத்தார்கள். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

இந்தக் காலத்தில்தான் அன்னி பெசன்ட் வருகிறார்.

மேபல்

1847-இல் லண்டனில் பிறந்தவர். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. இருபது வயதில் ஃபிராங்க் பெசன்ட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாரை மணந்தார். ஒரு மகன் டிக்பி, ஒரு மகள் மேபல். 1871-இல் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. கைக்குழந்தை மேபல் சாவின் விளிம்புவரை போய் மீண்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அம்மாவுக்குக் கேள்வி வந்தது: ஒன்றும் அறியாத இந்தச் சிசு இப்படித் துடிப்பதைக் கருணையுள்ள கடவுள் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி கேக்காத அம்மா கிடையாது. கேட்டுட்டு, நேர்ந்துக்கிட்டு, மொட்டை போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. அன்னி அப்படி விடவில்லை. புத்தகம் புத்தகமாகப் படித்தார். கடைசியில் நற்கருணை வாங்க மாட்டேன் என்றார். பாதிரியாரின் மனைவி திருச்சபையில் நற்கருணை வாங்க மறுத்தால் என்ன ஆகும்? 1873-இல் இருவரும் பிரிந்தார்கள். ஒப்பந்தப்படி மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம்.

அடுத்த வருடம் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தில் சேர்ந்து, சார்லஸ் பிராட்லாவோடு நாத்திகப் பிரச்சாரத்தில் இறங்கினார். 1877-இல் சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கருத்தடை பற்றிய சிறு நூலை இருவரும் மறுபதிப்பு செய்தார்கள். ஆபாச வழக்கு, ஆறு மாதத் தண்டனை, மேல்முறையீட்டில் குற்றப்பத்திரிகையில் இருந்த ஓட்டையால் தண்டனை ரத்து. ஆனால் வேறு ஒருவர் காத்திருந்தார்: கணவர். 1878-இல் மேபலைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி மனு போட்டார்.

விசாரித்தவர் சர் ஜார்ஜ் ஜெசெல். அவர் யூதர். இங்கிலாந்தில் உயர்ந்த நீதிப் பதவிக்கு வந்த முதல் யூதர். பெரும்பான்மை மதத்துக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர். அன்னி வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். அவர் மகள்மேல் உண்மையான பாசம் வைத்திருக்கிறார் என்பதை ஜெசெல் மறுக்கவில்லை. ஆனால் மதக்கல்வி கொடுக்காமல், நாத்திகத்தையும் அந்தப் புத்தகத்தையும் பரப்பிக்கொண்டிருக்கும் தாயிடம் ஒரு பெண்குழந்தை வளர்ந்தால், நாளைக்கு நல்ல குடும்பத்துப் பெண்கள் யாரும் அவளோடு பழக மாட்டார்கள் என்பது அவர் கவலை. எட்டு வயது நிரம்பாத மேபலை அப்பாவிடம் ஒப்படைக்க உத்தரவு. 1879-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்பது நம்ம ஊர் வாசகம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். லண்டன்ல விக் வெச்ச நீதிபதி அதையே தீர்ப்பா எழுதியிருக்கார்.

விஷக்காய்ச்சலில் இருந்து அப்போதுதான் எழுந்திருந்த மேபலை, அவள் அலற அலறத் தூக்கிப்போனார்கள் என்று அன்னி 1893-இல் வெளியான சுயசரிதையில் எழுதினார். பார்க்கப் போக நீதிமன்றம் அனுமதி தந்தது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் குழந்தைகளுக்கு வேதனையாக முடிந்தது. கடைசியில் அவரே ஒரு முடிவு எடுத்தார்: அவர்கள் வளர்ந்து, தாங்களே யோசித்து முடிவுசெய்யும் வயது வரும்வரை பார்ப்பதும் இல்லை, கடிதம் எழுதுவதும் இல்லை. வளர்ந்து சுதந்திரம் கிடைத்ததும் டிக்பி, மேபல் இருவருமே அம்மாவைத் தேடி வந்தார்கள்.

பத்து வருடம் பாதிரியார் வீட்டில் மதக்கல்வி கொடுத்து வளர்த்த பிள்ளைகள்! இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

அடையாற்றுக் கடற்கரையில் ஒரு பையன்

1889-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் புத்தகம் ஒன்று மதிப்புரைக்காக அன்னியிடம் வந்தது. படித்தார், மாறினார். நாத்திகப் பேச்சாளர் பிரம்மஞான சபையில் சேர்ந்தது இங்கிலாந்துக்கே அதிர்ச்சி. 1893-இல் இந்தியா வந்தார். 1907-இல் சபையின் தலைவரானார். தலைமையகம் அடையாறு.

1909 ஜனவரியில் அடையாற்றுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. ஜித்து நாராயணய்யா, தெலுங்கு பிராமணர், மதனப்பள்ளிக்காரர். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரொம்ப காலமாகச் சபை உறுப்பினர். மனைவி 1905-இலேயே இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சபை வளாகத்துக்கு வெளியே ஒரு சிறிய வீட்டில் இருந்தார். அந்த வருடம் அடையாற்றுக் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியை, சபையின் பெரிய தலைகளில் ஒருவரான லெட்பீட்டர் பார்த்தார். பதிமூணு பதினாலு வயது, நோஞ்சான் பையன், படிப்பும் சுமார். இவன்தான் வரப்போகிற உலக குரு என்று லெட்பீட்டர் சொன்னார். அன்னி நம்பினார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பையனுக்கும் அவனைவிட மூன்று வயது இளையவனான தம்பி நித்யாவுக்கும் பள்ளிக்கூடம் நின்றது. தனி ஆசிரியர்கள், தனிச் சாப்பாடு, ஆங்கிலப் பழக்கவழக்கம். 1910 மார்ச்சில் நாராயணய்யா பிள்ளைகளின் பாதுகாப்பை அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். 1911-இல் கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராக வைத்து ஒரு நட்சத்திர சங்கமே தொடங்கப்பட்டது. பெரிய மனிதர்கள் அந்தச் சின்னப் பையன் காலில் விழுந்தார்கள்.

அப்பாவுக்கு வயிறு கலங்கியது. காரணம் இரண்டு. ஒன்று லெட்பீட்டர். சிறுவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த சில பாலியல் விஷயங்களால் 1906-இல் சபையை விட்டே விலக வேண்டி வந்தவர், பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர். அவர் பக்கத்தில் என் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்றார் நாராயணய்யா. இன்னொன்று இந்தத் தெய்வ வேடம். என் மகனைக் கடவுளாக்கி ஊர் சிரிக்க வைக்கிறார்கள் என்றார். 1912-இல் அன்னி பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்விட்டார். ஆக்ஸ்போர்டில் படிக்க வைப்பது திட்டம். அந்த வருடமே நாராயணய்யா செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

சென்னையே இரண்டாகப் பிரிந்து பார்த்த வழக்கு. நாராயணய்யாவுக்கு வக்கீல் யார் தெரியுமா? பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக ஆன சர் சி.பி. ராமசாமி ஐயர். (பிறகு அதே சி.பி., அன்னியோடு சேர்ந்து ஹோம் ரூல் இயக்கம் நடத்தினார்ங்கிறது தனிக்கதை.) பின்னாளில் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் லெட்பீட்டரைக் கிழித்து எழுத, அன்னி அவர்மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். புதுச்சேரியில் இருந்த பாரதி, 'பொன் வால் நரி' என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிக்கதையே எழுதினார்.

இந்த முறையும் அன்னி தானே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டர்மேல் அப்பா சொன்ன மிக மோசமான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனால் அவருடைய கருத்துகளைப் பார்த்தால் சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதி இல்லாதவர். எழுதிக்கொடுத்துவிட்டாலும் அப்பா அதைத் திரும்பப் பெறலாம். பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். அக்டோபரில் மேல்முறையீட்டிலும் அன்னிக்குத் தோல்வி.

அகர்-எல்லிஸ் வழக்கு ஞாபகம் வருதா? கொடுத்த வாக்கு அப்பாவைக் கட்டாது! முப்பத்தைந்து வருடம் கழித்து, ஆறாயிரம் மைல் தாண்டி, அதே சட்டம்.

பிள்ளைகளை யாராவது கேட்டீங்களா?

அன்னி விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். அப்போது அது டவுனிங் தெருவில் உட்கார்ந்து பேரரசு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. 1914 மே மாதம் தீர்ப்பு வந்தது. சென்னைத் தீர்ப்பு செல்லாது.

காரணம் ஓரளவு சட்ட நுணுக்கம். பையன்கள் வசிப்பது இங்கிலாந்தில், செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டுக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை, வழக்கை இங்கிலாந்தில் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பையன்களுடைய நலன் என்ன, விருப்பம் என்ன என்பதை யாரும் முறையாகக் கேட்கவில்லை. வர விருப்பமில்லாத பையன்களைக் கட்டி இழுத்து இந்தியாவுக்குக் கொண்டுவா என்று எப்படி உத்தரவு போடுவது? அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு வயது 19, நித்யாவுக்கு 16. தாங்கள் இந்தியாவுக்குத் திரும்ப விரும்பவில்லை என்று இருவரும் தங்கள் வக்கீல் மூலம் தெரிவித்திருந்தார்கள்.

1883-இல் பதினாறு வயதுப் பெண்ணின் விருப்பத்துக்கு மதிப்பில்லை. 1914-இல் பதினாறு வயதுப் பையனின் விருப்பம் முக்கியமாகிவிட்டது. நடுவில் முப்பது வருடத்தில் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. இந்தியாவில் 1890-இல் வந்த காப்பாளர் சட்டம், குழந்தையின் மதத்தையும் பார்க்கச் சொல்கிறது, புத்தியோடு விருப்பம் சொல்லும் வயதென்றால் அதையும் கேட்கலாம் என்கிறது. இங்கிலாந்தில் 1925-இல் வந்த சட்டம் குழந்தையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, குழந்தைக்கே சிந்தனை, மனசாட்சி, மத உரிமை உண்டு என்கிறது. வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு, ஆனால் குழந்தை வளர வளர, அதன் பக்குவத்துக்கு ஏற்ற மாதிரி வழிகாட்ட வேண்டும் என்கிறது.

ஆஹா, பிரச்சனை முடிஞ்சுது, பிள்ளையையே கேட்டுடலாம்னு தோணுதா? அவசரப்படாதீங்க.

பொலோஞாவில் ஒரு பையன்

1858-இல் இத்தாலியின் பொலோஞா நகரம் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. ஜூன் மாத இரவு ஒன்றில் மோர்ட்டாரா என்ற யூதக் குடும்பத்தின் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டியது. ஆறு வயது மகன் எட்கார்டோவைக் கொடுங்கள் என்றது. குழந்தையாக இருந்தபோது நோயில் கிடந்த அவனுக்கு, வீட்டு வேலைக்காரப் பெண் யாருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாளாம். ஞானஸ்நானம் பெற்றவன் கிறிஸ்தவன், கிறிஸ்தவக் குழந்தையை யூதர் வளர்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஐரோப்பாவே கொதித்தது. போப் ஒன்பதாம் பயஸ் அசையவில்லை. பையனைத் தன் பாதுகாப்பிலேயே வளர்த்தார்.

1870-இல் ரோமாபுரி இத்தாலியப் படையிடம் விழுந்தது. இனி தடையில்லை. அப்பா மகனைத் தேடிப் போனார். பதினெட்டு பத்தொன்பது வயது எட்கார்டோ என்ன சொன்னான்? வர மாட்டேன் என்றான். பாதிரியாரானான். 1940-இல் பெல்ஜியத்தில் இறக்கும்வரை கத்தோலிக்கனாகவே இருந்தான்.

அவனைத்தான் கேட்டாச்சே, அவன் விருப்பம்தானே என்று விட்டுவிட முடியுமா? விரும்புகிற மனசையே யாரோ பன்னிரண்டு வருடமாக வளர்த்திருக்கிறார்கள். அதே கேள்வியை 1914-க்கும் கேட்கலாம். அன்னியோடு மூன்று நாலு வருடம் இருந்து, உலக குரு என்று கும்பிடப்பட்ட பையன், மதனப்பள்ளி பென்ஷன்தாரரான அப்பாவிடம் போகிறேன் என்றா சொல்வான்? நாராயணய்யா அதற்குப் பிறகு பிள்ளைகளைத் திரும்பப் பெறவே இல்லை. பிரிவி கவுன்சில் பிள்ளைகளின் குரலைக் கேட்டது சரிதான். ஆனால் அந்தக் குரல் எங்கே இருந்து வந்தது என்று கேட்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

அப்போ என்னதான் சொல்ல வர்றே?

அண்ணிக்கு நான் சொன்னது இதுதான், கொஞ்சம் விரிவா.

ஒண்ணு. 'ஒண்ணும் சொல்லாம வளர்க்கிறேன், பெரியவளாகி முடிவு பண்ணட்டும்'ங்கிறது நடக்காத காரியம். பேர் வைக்கும்போதே ஆரம்பிச்சிடுது. தீபாவளிக்குப் புதுச் சட்டையா கிறிஸ்துமஸுக்கா, வெள்ளிக்கிழமை வீட்டுல கறி உண்டா இல்லையா, செத்தவங்க எங்கே போனாங்கன்னு குழந்தை கேட்டா என்ன பதில் – எல்லாமே பாடம்தான். எங்க அப்பா எங்களுக்குச் சாமி கதை சொன்னதில்லை. அதுக்குப் பதிலா சாமி இல்லைங்கிற கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! அதுவும் வளர்ப்புதான். ஒரு மொழியும் சொல்லிக்கொடுக்காம வளர்த்து, பெரியவளானதும் பிடிச்ச மொழியை எடுத்துக்கோன்னா, அவளுக்குக் கேக்கக்கூட வாய் இருக்காது.

ரெண்டு. கொடுக்கிறது எதுங்கிறதைவிட, அதைக் கேள்வி கேட்க விடுறாங்களா, விட்டுப் போக விடுறாங்களாங்கிறதுதான் முக்கியம். ஜெசெல், ஃபிராங்க் பெசன்ட், அகர்-எல்லிஸ், போப் எல்லாருமே குழந்தையோட நன்மைக்குன்னு நம்பித்தான் செஞ்சாங்க. அன்னியும்தான். அவங்ககிட்ட குறைஞ்சது பாசம் இல்லை, 'நான் தப்பா இருக்கலாமோ'ங்கிற சந்தேகம். மகளைப் பறிகொடுத்த வலி தெரிஞ்ச அன்னியே, முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு பெற்றவரோட வலியைப் பார்க்கலைன்னா, அந்த உறுதி எவ்வளவு பொல்லாததுன்னு யோசிச்சுப் பாருங்க.

மூணு. மொட்டையோ ஞானஸ்நானமோ அண்ணன் மகளுக்கு ஒண்ணும் ஆகிடாது. முடி வளர்ந்துடும், தண்ணி காய்ஞ்சிடும். ஆனா பத்து வயசுல அவ "பாட்டி, இது ஏன்?"னு கேக்கும்போது யாரும் அதட்டக் கூடாது. பதினெட்டு வயசுல "இது எனக்கு வேண்டாம்"னு சொன்னா, சோத்துத் தட்டையும் வீட்டுக் கதவையும் யாரும் மூடக் கூடாது. அதுக்கு இப்பவே நாலு பேரும் ஒத்துக்கிட்டா, முதல்ல எந்தக் கோயிலுக்குப் போறதுங்கிறது வெறும் டிக்கெட் புக்கிங் விஷயம்தான்.

அண்ணி கேட்டாங்க: "சரி தம்பி, நாளைக்கு அவ நாலு பேரையும் விட்டுட்டு அஞ்சாவதா ஒண்ணுக்குப் போனா?" நான் உடனே பதில் சொல்லலை. சொல்றது சுலபம், பெத்தவங்களுக்கு அது எவ்வளவு வலிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த வலி நிஜம். நாராயணய்யாவோட வலி நிஜம், மோர்ட்டாரா வீட்டு வலி நிஜம். ஆனா பெத்தவங்க வலிக்குதுங்கிறதுக்காகப் பிள்ளை மனசைப் பூட்டி வைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஓமனில் நடந்தது

மீதிக்கதையைச் சொல்லிட்டு முடிச்சிடறேன். ஆக்ஸ்போர்டு கிருஷ்ணமூர்த்தியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லண்டன் பல்கலைக்கழகத் தேர்விலும் அவர் தேறவில்லை. நித்யா 1925 நவம்பரில் கலிபோர்னியாவில் காசநோயால் இறந்துபோனார், 27 வயதில். உலக குருவின் தம்பி சாக மாட்டான் என்று சபையில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தியும் நம்பினார்.

1929 ஆகஸ்ட் 3. நெதர்லாந்தில் ஓமன் என்ற ஊரில் நட்சத்திர சங்கத்தின் முகாம். சுமார் மூவாயிரம் பேர். 81 வயது அன்னி பெசன்ட் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். 34 வயது கிருஷ்ணமூர்த்தி எழுந்து, எந்தச் சங்கத்துக்காகத் தன்னைப் பதினெட்டு வருடம் வளர்த்தார்களோ அந்தச் சங்கத்தைக் கலைக்கிறேன் என்று அறிவித்தார். எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். சங்கத்துக்கு வந்த சொத்துகள் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போயின.

பாதிரியார் வீட்டில் வளர்ந்த மேபல் நாத்திக அம்மாவைத் தேடி வந்தாள் (அதற்குள் அம்மா நாத்திகத்தையே விட்டிருந்தார்!). குருவாக வளர்க்கப்பட்டவர் குருபீடத்தை விட்டு இறங்கிப் போனார். எட்கார்டோ மட்டும் எங்கேயும் போகவில்லை. மூன்று பிள்ளைகள், மூன்று விதம். வளர்ப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றும் சொல்ல முடியவில்லை, ஒன்றுமே செய்யாது என்றும் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ஓமன் பேச்சுக்குப் பிறகும் அன்னி அவரைத் தள்ளி வைக்கவில்லை. நம்பியதெல்லாம் கண்முன்னே சரிந்தும், 1933 செப்டம்பரில் அடையாற்றில் இறக்கும்வரை அந்தப் பிள்ளைமேல் வைத்த பாசத்தை விடவில்லை. கிருஷ்ணமூர்த்தியும் கடைசிவரை அவரை 'அம்மா' என்றேதான் சொன்னார். 1878-இல் ஜெசெல் தீர்ப்பில் இதுக்கெல்லாம் இடமே இல்லை.

உங்க வீட்டுல எப்படி? கலப்புத் திருமணம் செஞ்சவங்க, நாத்திகப் பெற்றோர், வெளிநாட்டுல பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்புக்கோ மதரசாவுக்கோ சர்ச்சுக்கோ கூட்டிட்டுப் போறவங்க, எல்லாரும் எழுதுங்க. குறிப்பா, வீட்டு மதத்தை விட்டு வெளியே வந்தவங்க இருந்தா, அன்னிக்கு உங்க அம்மா அப்பா என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. சண்டை வேண்டாம், ப்ளீஸ் :-)

பி.கு: கிருஷ்ணமூர்த்தியோட தத்துவத்தை விளக்கச் சொல்லி யாரும் கேக்காதீங்க. நாலு முறை படிச்சேன், நாலு முறையும் தூங்கிட்டேன். அவர் கதைதான் தூங்கவிடலை.